எட்டாவது வாஷர்

ஏழு என்கிற எண்ணைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. சந்தையில் யாராவது ஏழு தேங்காய் என்று சொன்னால்கூட ஒரு நொடி நின்றுவிடுவேன். காரணம், என் கடைக்கு அடுத்த கடையில் வருடக்கணக்காக மோட்டார் சைக்கிள் வேலை பார்த்த ஒரு மனுசன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்வதற்கான யோக்கியதை எனக்கு இல்லை. அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

திற்பரப்புக்குப் போகிற ரோட்டில் எனக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. அண்ணனின் வொர்க்‌ஷாப்புக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் இங்கே தும்மினால் அவர் அங்கிருந்து, "சுக்குக் காப்பி குடிலே" என்பார். அவர் அங்கே ஸ்பேனரைக் கீழே போட்டால் நான் இங்கிருந்து, "கால் உண்டா, போச்சா?" என்று கேட்பேன். எங்கள் சிநேகம் அந்த மட்டில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக், செயின், கார்பரேட்டர் என்று எல்லா வேலையும் பார்ப்பார். ஆனால் அவர் பெயர் வாங்கியது கியர் பொட்டியில். எங்கள் பக்கம் முழுக்க ஏற்றமும் இறக்கமும். பின்னால் ஷீட்டைக் கட்டிக்கொண்டு வண்டிகள் முக்கி முக்கி ஏறும், இறங்கும்போது கியரைப் பிடித்து இறங்கும். பொட்டிதான் முதலில் கெடும். பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் இவரைத் தேடி வருவார்கள். வழியில் நாலு வொர்க்‌ஷாப்பைத் தாண்டித்தான் வருவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கெத்து உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

"பொட்டியத் தொறக்க ஆயிரம் பேரு உண்டு, மக்கா. மூடத்தான் ஆளில்ல," என்பார்.

அவர் மூடுவதைப் பார்க்க வேண்டும். பழைய காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்து, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக வைப்பார். கியர்ச் சக்கரம் நகராமல் பிடித்துக்கொள்ள ஷாஃப்டில் ஒரு வளையம் உண்டு, லாக் என்பார்கள். கழற்றின லாக்கை மறுபடி போட மாட்டார். "ஒருக்கா விரிஞ்சது விரிஞ்சதாக்கும்," என்று பால் பவுடர் டப்பாவில் எறிந்துவிட்டுப் புதியது எடுப்பார். அதைப் போடுவதற்கு முன்னால் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கம் விளிம்பு கூராக இருக்கும், மறுபக்கம் மழுங்கி இருக்கும். மழுங்கின பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் விழுகிறபோது தெறித்துவிடுமாம். இதை என்னிடம் ஒரு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார். ரப்பர் ஷீட் வியாபாரிக்கு இது எதற்கு என்று நானும் இருநூறு தடவை கேட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் அடுக்கின பிறகு மூடியைப் போட மாட்டார். இடது கையால் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே வலது கையால் கியரை மாற்றுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." திரும்பவும் கீழே, நியூட்ரல் வரைக்கும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. கண் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவருடைய சித்தாந்தம். கடைசியில், சாமான் கழுவின மண்ணெண்ணெய்த் தட்டத்தைத் துணி வைத்து வடித்துப் பார்ப்பார். துணியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. "ஒண்ணு மிஞ்சினா தப்பு எனக்கதாக்கும்," என்பார்.

அதனால்தான் அந்தத் தட்டத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. சைக்கிள் செயின் கழுவுகிறேன், பூட்டு கழுவுகிறேன் என்று பஜாரில் எவனாவது அதைக் கேட்டு வந்தால், "கைய ஒடிப்பேன்" என்று விரட்டுவார். மண்ணெண்ணெயைத் தனியாக ஊற்றித் தருவார், தட்டத்தைத் தர மாட்டார்.

நான் வைத்தேன்.

ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட்டாக அடிக்க எங்கள் வீட்டில் ஒரு ரோலர் இருந்தது, கையால் சுற்றுகிறது. அதன் ஷாஃப்ட் ஒரு பக்கம் ஆட்டம் கண்டபோது, நான் தட்டத்தில் கை வைத்ததற்கு ஒரு வருடம் முன்னால், அண்ணன்தான் அந்தப் பால் பவுடர் டப்பாவைத் துழாவி ஒரு பழைய வாஷரை எடுத்துத் தந்திருந்தார். ஏதோ ஒரு வண்டியின் கியர் பொட்டியில் இருந்தது. "இன்னா, இது பாகமாட்டு இருக்கும்," என்றார். சரியாகப் பொருந்தியது. பிறகு ஒருநாள் ரோலரின் சில்லறைச் சாமான்கள் கரிபிடித்துப் போக, ஒரு பையில் அள்ளிக் கடைக்குக் கொண்டு வந்தேன். மத்தியானம் அவர் சோறு தின்ன வீட்டுக்குப் போனார். தட்டம் சும்மா இருந்தது. கேட்டால் திட்டுவார், கேட்காவிட்டால் அஞ்சு நிமிட வேலை. போட்டுக் கழுவினேன், எல்லாவற்றையும் அள்ளினேன் என்று நினைத்தேன், வந்துவிட்டேன். மண்ணெண்ணெய் கறுப்பாக இருந்தது, அடியில் ஒன்று கிடந்தது தெரியவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அவர் ஒரு பொட்டியை மூடினார். பழைய மாடல் வண்டி, இன்ஜின் தனி, கியர் பொட்டி தனி. வண்டிக்காரர் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியும் முன்னே வேலைக்குப் போகிறவர், வண்டி இல்லாமல் முடியாது என்று நின்றார். மழை. கரண்டும் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் அண்ணன் வாஷரை எண்ணுவது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அந்த மாடலுக்கு ஏழு வாஷர். ஏழு எண்ணினார். சுற்றிப் பார்த்தார், நாலு கியரும் விழுந்தது. மூடினார். தட்டத்தை மட்டும் காலையில் வடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சோம்பல் அது.

மறுநாள் காலை நான் ஷீட்டை எடை போட்டுக்கொண்டு இருக்கிறேன். தடுப்புக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"லேய், நீ எனக்க தட்டத்தில கைய வச்சியா?"

"இல்லண்ணே."

"ஒள்ளதச் சொல்லு மக்கா. வச்சியா?"

"நான் எதுக்கு வைக்கேன்? எனக்கென்ன அங்க வேல?" என்றேன். கோபப்பட்டுக்கூடக் கேட்டேன். ஒரு திட்டுக்குப் பயந்து சொன்ன பொய். பள்ளிக்கூடப் பிள்ளை சொல்கிற பொய். எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

அவர் உள்ளங்கையில் ஒரு வாஷர். சுவரில் தொங்கின பழைய ஷாஃப்ட் ஒன்றை எடுத்து அதில் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும், அவருடைய டப்பாவில் இருந்து வந்ததுதானே. போனை எடுத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனார்.

அவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு, ராத்திரி முழுக்கப் பெய்த மழை, ரோடு நிறைய ரப்பர் இலை. வண்டி சறுக்கி, பாலத்துக் கல்லில் மோதி, ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். போலீஸ்காரர்கள் மழை என்று எழுதினார்கள். ஊரும் மழை என்றுதான் சொன்னது. அண்ணன் மட்டும் கூட்டத்துக்கு நடுவில் போய் அந்த வாஷரைத் தூக்கிக் காட்டினார். இது இல்லாவிட்டால் ஷாஃப்டுக்கு ஆட்டம் வரும், இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றுவிடும், வண்டி பிடி இல்லாமல் ஓடும், இவனைக் கொன்றது நான்தான் என்று சொல்லி, செத்தவரின் மனைவி காலில் விழுந்தார். அந்தப் பெண், யாரென்றே தெரியாமல், "எந்திரிங்க, எந்திரிங்க" என்று சொன்னாளாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் ரோலரை மாட்டினேன். வாஷர் ஒன்று குறைந்தது. பையை உதறினேன், தரையைத் தடவினேன். அதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கையில் எடுத்த போல்ட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னிடம் கேட்காத நாள் இல்லை. முதல் நாள், அடக்கம் முடியட்டும் என்றேன். அப்புறம், ஒரு வாரம் போகட்டும், மனுசன் தணிவார் என்றேன். ஒரு வாரம் போன பிறகு சொன்னால், இத்தனை நாள் என்னலே செய்தாய் என்று ஊர் கேட்குமே என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்ட முந்தின நாளே வாயை அடைத்தது. பயந்தாங்கொள்ளிக்கு நாள் போகப் போகப் பயம்தான் வளரும். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. நான் கோழை, அவ்வளவுதான்.

அவர் அதன் பிறகு எண்ணுவதை நிறுத்தவில்லை. எண்ணினதை நம்புவதைத்தான் நிறுத்தினார். ஒரு பொட்டியை மூடுவார், வண்டியை வெளியே தள்ளுவார், பத்தடி போனதும் திரும்பக் கொண்டு வந்து திறப்பார். ஏழு இருக்கும். மூடுவார். மறுபடி திறப்பார். திறக்கிற தடவையெல்லாம் லாக் புதிது, மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங் தாள் புதிது. ஒரு வாத்தியாரின் வண்டியைப் பதினொரு நாள் வைத்திருந்தார். வாத்தியார் வந்து, "வேய், எனக்க வண்டிக்கு என்ன வியாதி?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சாரே," என்றார். வாத்தியார் பிறகு வரவில்லை. ஆட்கள் வழியில் இருந்த நாலு வொர்க்‌ஷாப்புகளிலேயே நிற்க ஆரம்பித்தார்கள்.

சில மத்தியானங்களில் தடுப்புக்கு மேலாக அவர் குரல் கேட்கும். "எண்ணினேனே மக்கா. ஏழு எண்ணினேனே."

"மழையாக்கும் அண்ணே. எல்லாரும் சொல்லுதாவள்லா," என்பேன்.

"பின்ன இது எங்க உள்ளது? தட்டத்தில ஆரும் கைய வைக்கல்ல. நீயும் வைக்கல்ல."

நான் ஷீட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அந்த வாஷர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பேசும்போது எடுத்துக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவுவார், லாக்கைத் தடவுவது மாதிரியே.

சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் கடைசிப் பெஞ்சுக்குப் போனார். திருவிருந்துக்கு எழுந்து போகிறதில்லை. போதகர் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தார், பலனில்லை. மூன்றாவது வருடம் வொர்க்‌ஷாப்பைப் பூட்டினார். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. அங்கேயும் கல்யாணம் முடிந்ததும் நாற்காலிகளை எண்ணுவாராம், மறுபடி மறுபடி. பையன்கள் சிரிப்பார்களாம். பூட்டின அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நான் தினமும் கடை திறந்தேன்.

ஒருநாள் அவர் மனைவி என் கடைக்கு வந்தாள். முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கிற வேலை, விரலெல்லாம் கறுத்துக் கிடக்கும். நல்ல சிரிப்புக்காரி, என்னைக் கண்டால் ஏதாவது கேலி செய்யாமல் போக மாட்டாள். அன்றைக்கு உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நீங்க சொன்னா கேப்பாவ. உங்களயாக்கும் அவியளுக்கு நம்பிக்க. தட்டில சோற வச்சா அதையும் நோக்கிட்டு இருக்காவ. ஒரு நாளெங்கிலும் நிம்மதியாட்டு ஒரு வாய் தின்னுகதப் பாத்துட்டுச் செத்தாப் போரும் எனக்கு."

"நான் பேசுதேன் அண்ணி," என்றேன். சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பேசவில்லை. இதை எழுதும்போது என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

செத்தவரின் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்து, பிறகு வீட்டுக்கே வந்துவிட்டது. செத்தவரின் மனைவி அதை வீட்டுப் பின்புறம் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். ஒரு பேக்கிங் தாளும் நாலு புது லாக்கும் வாங்கி, அண்ணன் அந்த முதல் வருடமே வைத்திருந்தார், அதைத் திறந்து பார்ப்பதற்காக. போகவே இல்லை. எல்லார் பொட்டியையும் பத்து தடவை திறந்த மனுசன் அந்த ஒன்றைத் திறக்கவில்லை. ஆறு இருந்தால் தாங்க முடியாது என்று பயம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நான் மட்டும் ஏழுதான் இருக்கும் என்று அறிந்தவன்.

ஒன்பதாவது வருடம் அண்ணி செத்துப்போனாள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வாஷரை எடுத்துத் தடவ ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ரோலர், டப்பா, தட்டம், எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அன்னைக்கு ரெண்டு தரம் கேட்டேன் உன்ட்ட," என்றார்.

"ஆமாண்ணே."

"ரெண்டு தரமும் இல்லன்னு சொன்ன."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். "போ லே. செத்த வீட்டில ஆறுதலுக்கு ஆரும் என்னமும் சொல்லுவாவ."

"சத்தியமாட்டு அண்ணே. எனக்க ரோலர்ல உள்ளதாக்கும் அது."

"எங்க அந்த ரோலர்?"

பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். ஒன்பது வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் டூல்ஸ் பை. "வண்டிய எடு. போலாம்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

செத்தவரின் வீட்டுக் கொட்டகையில் அந்தப் பெண் தார்ப்பாயை விலக்கிக் கொடுத்தாள். வண்டி வெளியே முழுக்கத் துரு. மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் உள்ளே எண்ணெய் காத்து வைத்திருந்தது. சக்கரங்கள் எல்லாம் அன்றைக்கு மாட்டினவை மாதிரியே பளபளத்தன. அவர் காலண்டர் தாளை விரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக வைத்தார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு."

அஞ்சு வரைக்கும் வேகமாக வந்தது. ஆறாவது ஷாஃப்டின் நடுவில் இருந்தது. அப்புறம் ஒன்றும் காணவில்லை. அவர் மூடியைத் திருப்பி, உள்பக்கம் எண்ணெயில் விரலை விட்டுத் தடவினார். ஒட்டிக்கொண்டிருந்த வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துத் தாளில் வைத்தார்.

"ஏழு."

மூன்று தடவை எண்ணினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணினார். ஏழுதான். அந்தப் பெண் கட்டன் சாயா கொண்டு வந்து வைத்தாள். "நான் அப்பமே சொன்னம்லா, மழையில வழுக்கினதாக்கும்னு," என்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அவர் அழவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அவ எட்டு நாளு ஆஸ்பத்திரியில கிடந்தா," என்றார். "அதுக்கு முன்ன ஒரு வாக்கு நீ சொல்லியிருக்கப்பிடாதா லேய்?"

அதற்குப் பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. இனி ஓடவே ஓடாத அந்த வண்டியின் கியர் பொட்டியை முறைப்படி மூடினார். சாமான்களைக் கழுவினார். ஒன்பது வருடம் வைத்திருந்த புது லாக்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, மழுங்கின பக்கம் சக்கரத்தைப் பார்க்கும்படி போட்டார். ஏழு வாஷரும் எண்ணி உள்ளே போயின. இடது கையால் ஷாஃப்டைச் சுற்றினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. தட்டத்தைத் துணியில் வடித்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. பேக்கிங் தாளை வைத்து மூடினார். ஆறின சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார். இந்தத் தடவை திரும்பத் திறக்கவில்லை.

வீடு வரைக்கும் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கி, சட்டைப் பையில் இருந்து அந்த எட்டாவது வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"இன்னா. உனக்க சாதனமாக்கும்."

அதுதான் கடைசியாகப் பேசியது. அந்த மாதமே வீட்டைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எங்கே இருக்கிறது அந்த வீடு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் முகம் இல்லை.

வாஷர் இப்போது என் சட்டைப் பையில் கிடக்கிறது. அவர் விரல் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் மழுங்கிவிட்டது. கடையைப் பூட்டும்போது எடுத்து எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றுதான் இருக்கிறது. திரும்பவும் எண்ணுகிறேன்.